தோளில் நிற்கும் கோட்டு

பொன்னமராவதியின் குளிர் மார்கழி விடியலில் வந்து, வெயில் ஏறுவதற்குள் போய்விடும். ஒரு போர்வைக்கு மேல் யாருக்கும் தேவைப்படுவதில்லை. சுவெட்டர் என்பது ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் வாங்குவது. அப்படிப்பட்ட ஊரில், ஆவணி மாத வெயிலில், பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள ஒரு தையற்கடையின் வெட்டு மேஜையில் கருநீலக் கம்பளிக் கோட்டு ஒன்று விரித்துக் கிடந்தது. எடை இரண்டு கிலோவுக்கு மேல். அமெரிக்கக் கடற்படை மாலுமி ஒருவருக்காகத் தைத்தது. இப்போது அதைப் போடப்போகிறவர், கிளாஸ்கோவுக்கு மேல்படிப்புக்குக் கிளம்பும் இருபத்து மூன்று வயது இளைஞர்.

இந்தப் பக்கத்துக்கு வெளிநாடு புதிதல்ல. சுற்றியுள்ள நகரத்தார் ஊர்களிலிருந்து ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கப்பல் ஏறியவர்கள் கட்டிய வீடுகள் இன்னும் நிற்கின்றன. அதன்பின் சிங்கப்பூர், வளைகுடா. இவை எல்லாமே வெயில் நாடுகள் என்பதால் தையற்காரருக்கு அங்கிருந்து வேலை வந்ததில்லை. பிள்ளைகள் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் கனடாவுக்கும் போகத் தொடங்கிய பிறகுதான் கனத்த கோட்டுகள் இந்த மேஜைக்கு வருகின்றன. முன்னே போன அண்ணனோ மச்சானோ அங்கே பழைய துணிக் கடையில் வாங்கி, திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவந்து கொடுப்பார். இங்கே ஆள் அளவுக்குத் திருத்திப் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவார்கள். அங்கே ஒரு கையைக் குறைக்கக் கேட்கிற கூலிக்கு இங்கே கோட்டு முழுவதையும் திருத்திவிடலாம் என்பது இவர்கள் கணக்கு.

தையற்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருச்சியில் ஒரு கோட்டுக் கடையில் காஜா எடுக்கும் பையனாகச் சேர்ந்து, கேன்வாஸ் வைத்து மார்பு நிறுத்துகிற வேலை வரை கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். பிழைப்பு கல்யாண ரிசப்ஷன் கோட்டுகளில். கம்பளி அவருக்குக் கைவந்ததுதான் என்றாலும் இந்தக் கனம் வேறு. பழைய கடற்படைக் கோட்டுக்கான துணி கெஜத்துக்கு 32 அவுன்ஸ், அதாவது 900 கிராமுக்கு மேல். மாப்பிள்ளைக் கோட்டுத் துணி இதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும்.

கோட்டைத் திருப்பி, உள்பை ஓரம் தைத்திருந்த வெள்ளைச் சீட்டைத்தான் மாஸ்டர் முதலில் பார்த்தார். 38ஆர் என்று அளவு. அதன் அருகே ‘டிஎஸ்ஏ 100-67-சி’ என்று தொடங்கும் ஒப்பந்த எண். டிஎஸ்ஏ என்பது அமெரிக்கப் படைகளுக்குப் பொருள் வாங்கித்தரும் அமைப்பின் சுருக்கம். 1960களின் தொடக்கத்தில் உருவாகி, 1977-ல் டிஎல்ஏ எனப் பெயர் மாறியது. நடுவில் உள்ள 67, ஒப்பந்தம் போட்ட நிதியாண்டு. ஆக, இது 1967-ஆம் நிதியாண்டு ஒப்பந்தத்தில் தைத்தது. பழைய கோட்டு வாங்குகிறவர்கள் வயதைத் தெரிந்துகொள்ளும் வழி இந்த எண்தான். பளபளக்கிற நங்கூரப் பொத்தானை எவரும் கடையில் வாங்கித் தைத்துவிடலாம். 38 என்பது மார்புச் சுற்று, அங்குலத்தில். ஆர் என்றால் நடுத்தர உயரம். எஸ் குட்டை, எல் நெட்டை.

“சீட்டு சொல்றது சரி. துணி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்” என்றார். உள்மடிப்பிலிருந்து ஊசி முனையால் ஓர் இழையை நெம்பி எடுத்தார். அதை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினார். இழை சுருண்டு கருகி, தீயை எடுத்ததும் தானே அணைந்தது. தலைமுடி தீய்ந்த வாடை கடை முழுக்க. சாம்பலை விரலுக்கிடையில் நசுக்கினார், பொடியாக உதிர்ந்தது. நைலானோ பாலியஸ்டரோ கலந்திருந்தால் உருகிக் கெட்டி மணியாக விரலில் உருண்டிருக்கும். கம்பளியும் முடியும் ஒரே கெரட்டின் புரதம் என்பதால்தான் இரண்டுக்கும் ஒரே வாடை.

கெர்சி, மெல்டன் என்று இரண்டு துணிகள் இந்தக் கோட்டுகளில் வரும். பழையவற்றில் கெர்சி, பிந்தையவற்றில் மெல்டன். இரண்டையும் வேண்டியதைவிட அகலமாக நெய்து, சோப்பு நீரில் நனைத்து இடித்துச் சுருக்குவார்கள். கம்பளி இழைமேல் உள்ள நுண்செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, ஊடும் பாவும் தெரியாத அளவுக்குத் துணி இறுகும். காற்று உள்ளே போகாது. வெட்டின ஓரமும் லேசில் பிரியாது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்த பின்னும் கம்பளி தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. கடல் சாரலில் மேல்தளத்தில் நிற்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கோட்டின் வெட்டும் அதற்கென்றே போட்டது: மார்பில் இரண்டு அடுக்காக ஏறும் முன்பக்கம், தொண்டைவரை மூடித் தூக்கிவிடக்கூடிய அகலக் காலர், கை சூடேற்ற நெடுக்கில் பிளந்த பைகள், ஏணி ஏறக் காலைத் தடுக்காத இடுப்புக்குக் கீழ்நிற்கும் நீளம்.

நிறத்துக்கும் நம் பக்கத்துக்கும் ஓர் உறவு உண்டு. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளுக்கு 1748-லும், சாதாரண மாலுமிகளுக்கு 1857-லும் சீருடை வந்தது. அந்த நீலத்துக்கு அவுரிதான் சாயம். வங்காளத்தைப் போலவே தென்னாற்காட்டுப் பக்கமும் அவுரி விளைந்தது. 1897-ல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அந்த வயல்கள் சுருங்கின. நூலுக்கு மட்டும் நம் ஊர் ஆடு ஒத்துவராது. தென் மாவட்ட ஆடுகள் பெரும்பாலும் கறிக்கானவை. திருச்சி கருங்குரும்பையின் ரோமம் கம்பளத்துக்கு ஆகிற முரட்டு வகை. மெரினோ கலப்பால் மென்மையான ரோமம் தரும் நீலகிரி ஆட்டினம் இன்று ஊட்டியை அடுத்த சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் பாதுகாக்கப்படுகிற நிலையில் இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் இளைஞரின் அம்மா கேட்டார்: “மாஸ்டர், உள்ளே ஒரு பேரு அடிச்சிருக்கே. செத்தவங்க துணியா இருக்குமோ?”

லைனிங்கில் அச்சுத்தகடு வைத்துக் குத்திய எழுத்துகள் பாதி மங்கிக் கிடந்தன. அமெரிக்க மாலுமிகள் தங்கள் உடைகளில் பெயரைக் குத்திவைப்பது கட்டாய விதி. ஒரே மாதிரி நூறு கோட்டுகள் தொங்கும் இடத்தில் தன்னுடையதை எடுக்க வேறு வழியில்லை. மகன் இதை விளக்கினார். அம்மா சமாதானமாகவில்லை. மஞ்சள் தண்ணீரில் ஒரு முறை அலசிக் கொண்டுவருகிறேன் என்றார். மாஸ்டர் பதறிவிட்டார். “ஆத்தா, தண்ணியில மட்டும் போட்டுறாதீங்க. சுடுதண்ணியில போட்டுக் கசக்கினா உங்க பேரனுக்குத்தான் ஆகும்.” துணியை இறுக்கிய அதே செதில்கள் சூட்டிலும் கசக்கலிலும் மறுபடி இறுகும். நிழலில் காற்றாட விடுவது, பிரஷ் போடுவது, அழுக்கு அதிகமென்றால் டிரைகிளீனிங், இவ்வளவுதான். கடைசியில் புதுத்துணிக்கு வைப்பதுபோல உள்மடிப்பு ஓரத்தில் மஞ்சள் தடவிக்கொள்வதென்று முடிவானது.

பிறகு பூச்சி. உடைப் பூச்சியின் புழு தின்பது கெரட்டினை. வியர்வையோ உணவுக் கறையோ பட்ட இடம் என்றால் அதற்கு இன்னும் விருப்பம். காலரின் அடிப்பக்கம், அக்குள், பை வாய் மூன்றையும் மாஸ்டர் டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். காலருக்கு அடியில் கடுகளவு ஓட்டை ஒன்று. அது வெளியே தெரியாது. உள்மடிப்பிலிருந்து எடுத்த கம்பளி இழையாலேயே இழுத்து மூடிவிடலாம். நெஞ்சுப் பக்கம் ஓட்டை வரிசையாக இருந்திருந்தால் கோட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

அளவெடுப்பு அதற்குப் பின்தான். இளைஞரின் மார்பு 36. கோட்டைப் பொத்தான் போட்டுத் தட்டையாக விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குளுக்கு டேப் பிடித்தால் இருபதரை, சுற்றளவு 41. சட்டையோடு மட்டும் போடுகிறவருக்கு உடம்பைவிட நான்கு அங்குலம் கூடுதல் போதும். உள்ளே சுவெட்டர் வந்தால் இன்னும் ஒன்றிரண்டு. ஐந்து அங்குலம் இருக்கிறது, தேறிவிட்டது. ஆனால் மாஸ்டர் இதில் மகிழ்ந்துவிடவில்லை. தடித்த சுவெட்டர் ஒன்றைப் போடச்சொல்லி, அதன்மேல் கோட்டை மாட்டி, தோள் தையலைக் கட்டைவிரலால் தேடினார். தையல் தோள் எலும்பின் முனையில் நிற்கிறதா, புயத்தில் இறங்குகிறதா? கால் அங்குலம் வெளியே இருந்தது. “நிக்குது தம்பி. இனி மத்ததெல்லாம் என் வேலை.”

இந்தத் தொழிலின் முழு நியாயமும் அந்தத் தோளில் இருக்கிறது. கை நீளத்தைக் குறைக்கலாம். இடுப்பில் ஒரு அங்குலம் நடுமுதுகுத் தையலில் பிடிக்கலாம். பொத்தானை நகர்த்தலாம். தோளைக் குறைப்பதென்றால் கையைக் கழற்றி, காலரைத் தூக்கி, கேன்வாஸை வெட்டி, கோட்டை மறுபடி பிறப்பிக்க வேண்டும். இவ்வளவு கனத்த துணியில் கை வளையம் பழைய சொகுசுக்குத் திரும்பாது. உடல் நீளத்தையும் தொட முடியாது. பைகள் இருக்கிற இடத்திலேயே நிற்க, கீழ் விளிம்பு மட்டும் மேலேறி வந்துவிடும். அதனால் சீட்டில் உள்ள எண்ணைவிட, ஏற்கெனவே நன்றாக உட்கார்ந்திருக்கிற ஒரு பிளேசரை விரித்து அளந்து ஒப்பிடுவதே வாங்குகிறவருக்குத் துணை. பழைய கோட்டுகள் உடம்போடு ஒட்டிநிற்க வெட்டியவை. அதே எண் போட்ட இன்றைய கடைக் கோட்டு தாராளமாக இருக்கும். டஃபிள் கோட்டு இன்னொரு வகை. பிரிட்டிஷ் கடற்படையில் ஆளுக்கொன்று என்றில்லாமல் முறைமாற்றிப் போட்டுக்கொண்ட தொளதொள உடுப்பு அது. கையுறையோடு மாட்ட வசதியாகக் கட்டைப் பொத்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிச்சமான அந்தக் கோட்டுகளை விற்றுத்தான் 1951-ல் குளோவரால் நிறுவனம் தொடங்கியது. அதற்குத் தோள் கணக்கு இவ்வளவு கறார் இல்லை.

கைவேலை நிதானமாக நடந்தது. கை 25 அங்குலம். மணிக்கட்டு எலும்பு மூடினால் போதும் என்பதால் ஒரு அங்குலம் குறைப்பு. லைனிங்கைக் கைமுனையில் பிரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டாமல் உள்ளேயே மடித்தார். நாளை விற்றால் வாங்குகிறவர் இறக்கிக்கொள்ளட்டும் என்று. வெளியே ஒரு புள்ளி தெரியாமல் எம்மிங் கையால்தான். மிஷின் படும் இடத்துக்கு 16-ஐக் கழற்றி 18-ஆம் நம்பர் ஊசி. ஒரு வரிசைப் பொத்தானை அரை அங்குலம் நகர்த்தினால், மாட்டாமல் அழகுக்கு நிற்கும் எதிர்வரிசையும் அரை அங்குலம் நகர வேண்டும். இல்லாவிட்டால் நங்கூரங்கள் கோணலாகத் தெரியும். துணியின் கனத்துக்கு ஏற்றபடி பொத்தானுக்கு அடியில் நூலைச் சுற்றித் தண்டு எழுப்பி, உள்பக்கம் ஒரு சின்னப் பொத்தானைத் தாங்கலுக்கு வைத்தார். இஸ்திரி ஈரத்துணி போட்டுத்தான். நேரடியாக வைத்தால் கம்பளி பளபளத்துப்போகும்.

இதே கோட்டு வேறு வழியில் இந்தியாவுக்கு வந்திருந்தால் மாஸ்டர் கையில் கிடைத்திருக்காது. மேலைநாடுகள் கழித்துப்போடும் கம்பளி உடைகள் கன்டெய்னர் கன்டெய்னராகக் குஜராத் துறைமுகங்களுக்கு வருகின்றன. உடுத்த முடியாதபடி கிழித்தால்தான் கந்தலாக உள்ளே விடுவார்கள். பானிபட்டில் பெண்கள் அவற்றின் பொத்தானையும் ஜிப்பையும் அறுத்தெடுத்து, நிறவாரியாகப் பிரித்துப்போட, இயந்திரங்கள் நார்நாராகக் கிழித்து மறுநூல் ஆக்கும். அந்தப் பெண்களின் பேச்சைத்தான் மேக்னா குப்தாவின் ‘அன்ராவல்’ என்ற 2012 ஆவணப்படம் பதிவுசெய்தது. பேரிடர் முகாம்களில் தரும் கம்பளிகளிலும், மார்கழிக்கு முன் நம் ஊர்களில் வடநாட்டு வியாபாரிகள் தோளில் போட்டு விற்கும் போர்வைகளிலும் பானிபட் சரக்கு உண்டு.

எல்லாக் குளிருக்கும் இந்தக் கோட்டு ஆகாது. கிளாஸ்கோவின் ஜனவரி பெரும்பாலும் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே. காற்றும் தூறலும்தான் தொல்லை. அதற்குக் கம்பளி தாங்கும். மைனஸ் இருபதுக்குப் போகும் கனடா உள்நாட்டுக்கு இது போதாது. அமெரிக்கக் கடற்படையே இந்தக் கோட்டின் இடத்தில் செயற்கை இழைப் பார்க்காவைக் கொண்டுவருவதாக 2016-ல் அறிவித்தது. கடற்படைக்குத் தைத்துத் தந்த பாஸ்டன் நகரத்து ஸ்டெர்லிங்வேர் 2019-ல் மூடப்பட்டது.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகும் பெண் ஒருவர் தன் சித்தப்பா மகன் அனுப்பிய கோட்டோடு வந்தார். மாட்டிப்பார்த்த மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். தோள் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் தொங்கியது. “இதைக் குறைச்சு உங்ககிட்ட காசு வாங்கினா பாவம்மா. அண்ணனுக்கே திருப்பிக் கொடுத்துருங்க.” பில் புத்தகத்தின் பின்தாளைக் கிழித்து நான்கு வரி எழுதித் தந்தார்: தோள் தையலுக்குத் தோள் தையல், அக்குளுக்கு அக்குள், தோளிலிருந்து கைமுனை, காலருக்குக் கீழிருந்து விளிம்பு. ஒவ்வொன்றின் எதிரிலும் அந்தப் பெண்ணின் அளவு.

“அடுத்த தடவை கடையில நின்னுக்கிட்டே அண்ணனை இந்த நாலையும் அளந்து வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பச் சொல்லுங்க. டேப்புல நம்பர் தெரியணும். தோள் ஒத்து வந்தா மட்டும் காசு கொடுக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, இளைஞரிடம் திரும்பினார். “உங்களுக்கு வெள்ளிக்கிழமை, தம்பி. ஃபிளைட்ல போட்டுக்கிட்டே போயிருங்க. பெட்டியில வச்சா இருபத்து மூணு கிலோவுல இரண்டு கிலோ இதுக்கே போயிரும்.”