கியோத்தோவில் கற்ற உறவுமுறை

புதிய மொழியொன்றைக் கற்கப் புகுவோன் முதலிற் பேச முயல்வது தன் குடும்பத்தைப் பற்றியே. அதில் இடறுவது எத்துணை எளிது என்பதை யப்பானிலே உணர்ந்தேன்.

2018 ஆம் ஆண்டுக் கார்த்திகையில், ஆசிரியர் பயிற்சியொன்றின் பொருட்டுக் கியோத்தோ நகரில் மூன்று வாரம் தங்கினேன். கி.பி. 794 முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக யப்பானின் அரசிருக்கையாய் விளங்கிய நகரம் அது. நகரினூடே காமோ ஆறு தெளிந்து ஓடுகிறது. ஆற்றுக்கு அண்மையில், ஒடுங்கிய தெருவொன்றிலுள்ள மரவீட்டில், முதிய தம்பதியரின் விருந்தினனாக இருந்தேன். மேப்பிள் மரங்கள் செந்நிறம் பூண்டிருந்த காலம்.

முதல் நாளிரவு, என் தாயாரின் படத்தைக் காட்டி, 'ஒக்காஸன்' என்றேன். அவ்வாண்டு தை மாதத்திலேதான் அவர் காலமாகியிருந்தார். வீட்டு அம்மையார் படத்தை இரு கைகளாலும் வாங்கித் தலைதாழ்த்தினார், பின்னர் மெல்லத் திருத்தினார்: "ஹஹா."

பிறருடைய தாயைக் குறிக்கும்போதும், தன் தாயை நேரே அழைக்கும்போதும் 'ஒக்காஸன்' என்பர். பிறரிடம் தன் தாயைப் பற்றிப் பேசும்போதோ, மதிப்பு விகுதிகளை நீக்கி 'ஹஹா' என்றே சொல்லல் வேண்டும். தந்தையும் அவ்வாறே, பிறர் தந்தை 'ஒத்தோஸன்', தன் தந்தை 'சிச்சி'. நம் செவிக்கு ஒன்று நகைப்பொலி; மற்றது அருவருப்பொலி! பெற்றோரை 'அவர்' என்றன்றி 'அவள்', 'அவன்' எனச் சொல்லியறியாத எனக்கு நா எழவில்லை. மறைந்த தாயின் மதிப்பை அந்நிய நாட்டிலே குறைப்பதா? ஒரு வாரம் அவரைப் பற்றிய பேச்சையே தவிர்த்தேன்.

மற்றைய உறவுகள் எனக்கு எளிதாயின. நம் அண்ணனும் தம்பியும்போல 'அனி', 'ஒத்தோத்தோ' என்றும், அக்காளும் தங்கையும்போல 'அனெ', 'இமோத்தோ' என்றும் அவர்களும் மூப்பிளமை பார்த்தே பெயரிடுகின்றனர். ஆனால் பெரியையா, குஞ்சையா, அம்மான் மூவருக்கும் அவர்களிடம் 'ஒஜி' என்னும் ஒரே ஒலிதான். பெற்றோருக்கு மூத்தவரா இளையவரா என்பதை எழுத்து மாத்திரமே காட்டும்.

பழந்தமிழரும் தம் தாயையும் பிறர் தாயையும் ஒரே சொல்லாற் குறித்தாரல்லர் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் தாய் 'யாய்', உன் தாய் 'ஞாய்', அவன் தாய் 'தாய்'. அவ்வாறே எந்தை, நுந்தை, தந்தை. குறுந்தொகையின் 40 ஆம் பாடலை ஆண்டுதோறும் கற்பிக்கும் நான், இவ்வேறுபாட்டை இலக்கணக் குறிப்பாகச் சொல்லிக் கடந்திருந்தேனேயன்றி உணர்ந்திருக்கவில்லை. இன்று நம்மிடம் எஞ்சியிருப்பது படர்க்கைக்குரிய 'தாய்' ஒன்றே.

புறப்படுவதற்கு முதல்நாள், அயல்வீட்டு மூதாட்டியொருவர் என்னைச் சுட்டி, இவர் யாரென வினவினார். அம்மையார் சிரித்தவாறே, "முசுக்கோ" என்றார். மகன் என்பது பொருள். பிறர் மகனாயின் 'முசுக்கோஸன்' என்றல்லவா சொல்லியிருப்பார்? அந்த 'ஸன்' இல்லாமையைக் கேட்டதும் என் நெஞ்சு நெகிழ்ந்தது. விருந்தினனுக்குரிய மதிப்பை நீக்கியே அவர் என்னைத் தம் வீட்டினுள் ஏற்றுக்கொண்டார். பட்டம் புறத்தாருக்குரியது, தன்னவர்க்கு அது வேண்டுவதில்லை.

அன்றிரவு தாயாரின் படத்தை மீண்டும் எடுத்து மேசைமீது வைத்து, "ஹஹா" என்றேன். அச்சொல் அப்போது என் செவிக்கு நகைப்பொலியாகக் கேட்கவில்லை.