ஆலோசனைக்கு உரியவர் யார்?

ஒரு காரியத்தில் இறங்கும் முன் அதை அறிந்தவரைக் கேட்க வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். நம் ஊர்களில் நிக்காஹ் பேசுவதாயினும், பள்ளிவாசலுக்குச் சுண்ணாம்பு அடிப்பதாயினும் மஷூரா செய்யாமல் தொடங்குவதில்லை. ஆனால், 'அறிந்தவர் யார்?' என்னும் இடத்தில்தான் மனிதர் தடுமாறுகின்றனர். கண் தெரியாதவரின் தேவையை அறிந்தவர் அவருக்கு மருந்திடும் மருத்துவரா? உதவித்தொகை வழங்கும் அதிகாரியா? வெள்ளிக்கிழமைதோறும் அவர் கையில் காசு வைக்கும் செல்வரா? அல்லது அவரேதானா? இவ்வினாவுக்கு விடை காண உலகம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. விடை கண்ட பின்னரும் அதன்படி நடக்கத் தயங்குகிறது.

நம் நாட்டில் அந்த விடை சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. புதிய சட்டம் இருபத்தொரு வகைகளை ஏற்றது. அதன் 60ஆம் பிரிவு நடுவண் அரசுக்கும், 66ஆம் பிரிவு மாநில அரசுக்கும் ஓர் ஆலோசனை வாரியத்தை விதிக்கிறது. 72ஆம் பிரிவு மாவட்டந்தோறும் ஒரு குழுவை அமைக்கச் சொல்கிறது. மாநில வாரியத்துக்குத் துறை அமைச்சர் தலைவர். அரசுச் செயலாளர்களும் சட்டமன்ற உறுப்பினர் மூவரும் அதில் இருப்பர். வல்லுநர் ஐவர் இருப்பர். இவர்களோடு, மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகளின் சார்பில் பதின்மர் நியமிக்கப்படுவர். அப்பதின்மர் இயன்றவரை மாற்றுத்திறனாளிகளாகவே இருத்தல் வேண்டும். அவர்களுள் ஐவருக்குக் குறையாமல் பெண்கள் இருத்தல் வேண்டும். பட்டியல் சாதியினர் ஒருவரும் பழங்குடியினர் ஒருவருமேனும் இடம்பெற வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் வாரியம் கூட வேண்டும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். இத்தனை பேருக்காகவும் பேச வேண்டிய நாற்காலிகள் எத்துணைச் சில என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்நாற்காலிகள் எளிதில் கிடைத்தவையல்ல. நம் தென்பாண்டிப் பகுதியையே எடுத்துக்கொள்வோம். பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்க்வித் அம்மையார் கண் தெரியாதோருக்கும், ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாதோருக்கும் பள்ளிகள் நிறுவினர். அவை பெரும் தொண்டுகள், ஐயமில்லை. எனினும் அவை மற்றவர் இரங்கிச் செய்து கொடுத்தவை. 1981இல் ஆய்க்குடியில் வேறொன்று நிகழ்ந்தது. 1975இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்த எஸ். இராமகிருஷ்ணன் என்னும் இளைஞர் தம் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஆய்க்குடியும் தூத்துக்குடியும் அன்று ஒரே திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தவாறே ஒருவர் பிறருக்கு வழிசெய்ய முடியும் என்பதை இம்மண் அன்று கண்டது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மதுரையில் 1985இல் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை நிறுவிய எஸ்.எம்.ஏ. ஜின்னா அவர்களும் பார்வையற்றவரே.

தில்லியில் சக்கர நாற்காலியில் அமர்ந்து போராடிய ஜாவித் ஆபிதியை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அலிகரில் 1965இல் பிறந்து 2018இல் மறைந்த அவர், 1995ஆம் ஆண்டின் சட்டம் நிறைவேறுவதற்கு முன்னின்றவர்களுள் ஒருவர். ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்ற உடன்படிக்கைக்கு இந்தியா 2007 அக்டோபர் 1ஆம் நாள் ஒப்புதல் அளித்தது. மாற்றுத்திறனாளிகளைப் பாதிக்கும் எந்த முடிவையும் அவர்களைக் கலந்தே எடுக்க வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் கட்டளைகளுள் ஒன்று. 'இயன்றவரை கேட்போம்' என்பதன்று அது.

கேட்காமல் விட்டால் என்ன குறைந்துவிடும் என்போருக்கு நம் கடற்கரையிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். நம் உம்மாவைப் பெற்ற அப்பா முத்துக் குளித்தவர். தூத்துக்குடியில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961ஆம் ஆண்டு. அதற்கு முந்தைய சலாபங்களில் அவர் கல் கட்டி இறங்கியவர். சலாபம் இல்லாத காலங்களில் சங்கு குளித்தவர். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் உடல்மீது ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. செவிப்பறை அதைத் தாங்காது. நாளொன்றுக்குப் பல முறை இறங்கி ஏறுவோர்க்குக் காது வலித்துப் பின் குருதி கசிந்து, முடிவில் கேளாமற் போவதுண்டு. அப்பாவுக்கு வலக்காது அவ்வாறு போயிற்று. நாம் அவருக்கு இடப்பக்கம் அமர்ந்தே பாடம் ஒப்பிப்போம்.

முத்துக்குளித்தலில் ஒரு முறை உண்டு. தோணியில் நிற்பவர் கயிறு பிடித்திருப்பார். அவர் எத்துணைத் தேர்ந்தவராயினும், கீழே மூச்சு முட்டும் நேரத்தைத் தாமே முடிவு செய்வதில்லை. கீழிருப்பவர் கயிற்றை அசைத்தால் அக்கணமே இழுத்துவிடுவார். அசைவை உணர்ந்தும் இழுக்கத் தயங்குபவரை நம்பி எவரும் கடலில் இறங்கார்.

இனி, சட்டத்தைப் பாருங்கள். காது கேளாமைக்கு அது தரும் இலக்கணம், இரு காதுகளிலும் பேச்சொலி அளவில் 70 டெசிபல் இழப்பு என்பதாகும். 60 முதல் 70 வரை இழந்தோர் செவித்திறன் குறைந்தோர். அங்கும் இரு காதுகளிலும் என்றே இருக்கிறது. ஒரு காதை முற்றிலும் கடலுக்குக் கொடுத்துவிட்டவர் இக்கணக்கில் சேரார். மற்றக் காதும் போகும்வரை அவர் காத்திருக்க வேண்டும். இவ்விலக்கணத்தை வகுத்தவர்கள் கற்றறிந்தோரே. ஆயினும் சங்கு குளிப்பவர் ஒருவரேனும் அம்மேசையில் அமர்ந்திருந்தால், 'ஒரு காது போன அன்றே எங்கள் பிழைப்பு பாதி போயிற்று' என்று சொல்லியிருப்பாரன்றோ? உப்பளத்தின் வெண்மையில் ஆண்டுக்கணக்கில் கண் கூச உழைக்கும் பெண்களுக்கும் இத்தகைய சொற்கள் உண்டு. அவற்றைக் கேட்டெழுதும் ஏடுதான் இல்லை.

அரபிக் கல்வியில் தோய்ந்தோர்க்கு இச்செய்தி புதியதன்று. அல்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயத்து 95ஆம் வசனத்தின் வரலாற்றை நம் மதரஸாக்களில் ஓதுகிறோம். அறப்போருக்குச் செல்வோரையும் வீட்டில் தங்குவோரையும் பற்றி வசனம் இறங்கிய வேளையில், பார்வையற்ற ஸஹாபியான இப்னு உம்மி மக்தூம் (ரலி) தம் நிலையை எடுத்துரைத்தார். இயலாதோருக்கு விலக்களிக்கும் சொற்கள் அவ்வசனத்திலேயே சேர்ந்திறங்கின. நபிகள் நாயகம் (ஸல்) மதீனாவை விட்டு வெளியே செல்லும் நாள்களில் தொழவைக்கும் பொறுப்பை அவரிடமே பலமுறை ஒப்படைத்தார்கள். நம் காலத்துக்கு அண்மையில், சிறுவயதிலேயே பார்வையிழந்து, அல்அஸ்ஹரில் ஓதிய தாஹா ஹுஸைன் 1950இல் எகிப்தின் கல்வியமைச்சரானார். அவருடைய கருத்துகள் சிலவற்றில் நமக்கு உடன்பாடில்லை. எனினும் அவர் காலத்தில் இடைநிலைக் கல்விக்குக் கட்டணம் நீங்கியதையும், ஏழைப் பிள்ளைகள் பள்ளி வாயிலை மிதித்ததையும் மறக்கலாகாது.

இனி, இவ்வெண்ணங்களை நம் உள்ளத்தில் எழுப்பிய நிகழ்ச்சிக்கு வருவோம். நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர். இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் சூம்பியவர். இன்று நாற்பது கடந்தவர், தையற்கடை வைத்திருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவரை ஒரு மாவட்டக் குழுவில் உறுப்பினராக நியமித்தார்கள். எந்த மாவட்டம் என்பது இங்கு வேண்டுவதில்லை. மூன்று கூட்டங்களுக்குப் பின் அவர் நம் வீட்டுக்கு வந்தார்.

"ஹஜ்ரத், கூட்டத்தை மாடியில் வைத்தார்கள். இரண்டு பேர் என்னை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். மேலே போனதும் மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். தீர்மானங்கள் முன்பே தட்டச்சாகி இருந்தன. கையொப்பம் மட்டும் கேட்டார்கள். நான் விலகிவிடட்டுமா? சொல்லுங்கள்" என்றார்.

நாம் உடனே விடை சொல்லவில்லை. விலகினால் அவருடைய மானம் காக்கப்படும். அது சிறிய பொருளன்று. ஆனால் அந்நாற்காலி அவருடையது மட்டுமன்று. அதில் அமர எவரும் இல்லையென்றால் தூக்கிச் செல்லவும் ஆள் வேண்டாம், கேட்கவும் செவி வேண்டாம் என்று காரியம் எளிதாகிவிடும். ஆகவே மூன்று செய்திகளைச் சொன்னோம். முதலாவது, கூட்டத்துக்குப் பதினைந்து நாள் முன்னரே பேசவேண்டிய பொருளை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். இரண்டாவது, நீங்கள் சொன்னது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்த பின்பே கையொப்பமிடுங்கள். மூன்றாவது, தனியே போகாதீர்கள். போகுமுன் சங்கு குளிப்போரையும், உப்பளத்துப் பெண்களையும், பேசவியலாப் பிள்ளையைப் பெற்ற தாய்மாரையும் சந்தித்துக் கேளுங்கள். கால் நடவாதவர் காது கேளாதவருக்காகப் பேச வேண்டுமாயின் அவரையும் கேட்டாக வேண்டும். அதிகாரிக்குச் சொல்லும் நீதி நமக்கும் உரியதே.

"எழுதிக் கொடுத்தும் செய்யாவிட்டால்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆலோசனைக் குழுவின் சொல் கட்டளையன்று. அரசு அதை ஏற்கலாம், விடலாம். ஆயினும் ஏட்டில் ஏறிய சொல்லுக்கு ஆயுள் நெடிது. இராஜீவ் ரதூரி என்னும் பார்வையற்ற அன்பர் பொதுவிடங்களில் தடையின்றிச் செல்லும் உரிமை கேட்டு 2005இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2017இல் ஒரு தீர்ப்பு வந்தது. 2024 நவம்பர் 8ஆம் நாள் மற்றொன்று வந்தது. சட்டம் கட்டாயமென்று விதித்ததை, விதிகள் வெறும் பரிந்துரைகளாக்கிவிட்டன என்று கண்ட நீதிமன்றம், அவ்விதி செல்லாது என்றது. மீறமுடியாத தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி நடுவண் அரசைப் பணித்தது. பத்தொன்பது ஆண்டுகள் கடந்தன. விடாமல் கேட்ட ஒருவர் இருந்ததனால்தான் அத்தீர்ப்பு பிறந்தது.

நம் மாணவர் விலகவில்லை. இப்போது கூட்டங்கள் கீழ்த்தளத்தில் நடக்கின்றன. சங்கு குளிப்போருக்கு ஆண்டுதோறும் கடற்கரையிலேயே செவிப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தது குறிப்பேட்டில் ஏறியிருக்கிறது. பரிசோதனை இன்னும் நடக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அதன் நிலை என்னவென்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இத்தகையோர் இனிப் பலர் வேண்டும். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் சட்டத்திருத்தங்களை நிறைவேற்றியது. கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமே 12,000க்கும் மேற்பட்டோர் தேவைப்படுவர். நம் வீடுகளிலும் தகுதியுடையோர் இருக்கின்றனர். 'பிள்ளை வெளியே போய்ச் சிரமப்பட வேண்டாம்' என்று அன்பினால் அவர்களைத் திண்ணையோடு நிறுத்திவிடுகிறோம். அந்த அன்பைச் சற்றே தளர்த்தி, அவர்கள் விண்ணப்பிக்கத் துணை நிற்பது பெற்றோர் கடமை; கூட்டம் நடக்கும் நாளில் உடன் சென்று வருவது உடன்பிறந்தார் கடமை.

அரசைக் குறை சொல்லும் முன் நம் மஹல்லாவையும் நோக்குவோம். பள்ளிவாசலில் ஒளூச் செய்யும் இடத்தை மாற்றிக் கட்ட நிர்வாகிகள் கூடும்போது, அங்கே தவழ்ந்து வரும் பெரியவரை எவரேனும் அழைத்ததுண்டா? படியின் உயரம் எவ்வளவு இருக்கலாம், கைப்பிடி எந்தப் பக்கம் வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். அடுத்த ஜும்ஆ முடிந்ததும் அவரருகே அமர்ந்து கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதைக் கொத்தனாரிடம் கொடுங்கள்.