வெள்ளைக் கல்லும் வெண்ணுரையும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் தலையைப் பிடித்துக்கொண்டு, ஒருவாறு மேலே போய்ச் சேர்ந்தோம். ஏரியையும் காப்பித் தோட்டங்களையும் கண்டு களித்துவிட்டு, தலைவலி தீரக் கடைவீதியில் ஒரு சீசா யூகலிப்டஸ் தைலமும் வாங்கிக்கொண்டு, மாலையில் 'லேடீஸ் ஸீட்' என்னும் மலைமுனைக்குச் சென்றோம். கீழே சேலம் நகரம். சேர்வராயன் மலை அடிவாரத்திலோ, யாரோ கோலமாவைக் கொட்டிவிட்டாற்போல் வெள்ளை வெளேரென்று குவியல்கள்!

அவை சுண்ணாம்பு அல்ல, மக்னசைட். ஊரார் வெள்ளைக்கல் என்பார்கள். இக்கல்லைச் சுட்டுக் கிடைக்கும் மக்னீஷியா உருகுவதற்கு 2,800 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல் உஷ்ணம் வேண்டும். ஆகவேதான் எஃகு உலைகளின் உட்சுவருக்கு அதைச் செங்கல்லாக்கிப் பதிக்கிறார்கள். ஆனால், தலைமுறை தலைமுறையாக நல்ல கல்லைக் கையால் பொறுக்கிக்கொண்டு, மணற்சத்து கலந்ததைக் கழிவென்று ஒதுக்கி வந்தார்கள். அதற்கு விமோசனமே இல்லையா?

உண்டு. நம் கையிலிருந்த தைலச் சீசாவே அதற்குச் சாட்சி! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கங்களில் தாதுவைப் பிரிக்க யூகலிப்டஸ் தைலத்தை உபயோகித்தார்கள்.

முறை இதுதான். கல்லை மாவாக அரைத்து நீரில் கலக்கவேண்டும். வேண்டிய துகளின்மேல் மட்டும் படியும் ஒரு மருந்தைச் சேர்க்கவேண்டும். மக்னசைட்டுக்குக் கொழுப்பமிலம் ஏற்றது. அது படிந்த துகளில், சேப்பிலையில்போல, நீர் ஒட்டாது. பிறகு காற்றைச் செலுத்திக் கடைந்தால், அத்துகள் குமிழியைப் பற்றிக்கொண்டு மேலே வரும். மணல் கீழே தங்கும். ஆனால் வெறும் நீரில் குமிழி நிலைக்காது. அதைச் சிறிதாக்கி, உடையாமல் காப்பதே நுரைப்பொருளின் வேலை. தைலங்களும் சிலவகை ஆல்கஹால்களும் இதைச் செய்கின்றன. சில துளிகளே போதும். பிறகு, தயிர் கடைந்து வெண்ணெய் எடுப்பதுபோல நுரையை வழித்தெடுக்க வேண்டியதுதான்.

சேலத்தில் வக்கீலாயிருந்து, 1917-ல் அந்நகரசபைத் தலைவரான ராஜாஜிதான், 1946-ல் ஜாம்ஷெட்பூர் தேசிய உலோக ஆய்வுக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1950-ல் நேரு அதைத் திறந்துவைத்தார். சேலத்து வெள்ளைக்கல்லை நுரையில் மிதக்கவிட்டுச் சுத்தம் செய்யும் சோதனைகள் அங்கே நடந்தன. ஊர்க்கல்லும் ஊர்க்காரரும் வெவ்வேறு வழியில் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது வேடிக்கைதான்!

இதில் செலவு உண்டு, அபாயமும் உண்டு. அரைக்க மின்சாரம் வேண்டும். மருந்து கலந்த நீரைத் தெளியவைத்து மறுபடி உபயோகிக்காமல் ஓடவிட்டால், அடிவாரத்துக் கிணறுகள் கெடும். இவ்வளவு ஜாக்கிரதையுடன் செய்யக்கூடுமானால், புதிதாகக் குன்றைக் குடைவதைவிட, தோண்டிப்போட்ட குவியலிலிருந்து எடுப்பதே மேல் அல்லவா? குன்று ஒருமுறை போனால் போனதுதான், கழிவோ காத்துக்கொண்டிருக்கிறது.

இருட்டிவிட்டது. தைலத்தை நெற்றியில் தடவிக்கொண்டு, இருபது வளைவுகளையும் மறுபடி எண்ணத் தொடங்கினோம்.