கொட்டாவியைக் கவனிக்கிறவர்கள்

டயாலிசிஸ் பிரிவில் அன்றாட வேலை எடை பார்ப்பதில் தொடங்குகிறது. காவிரிப் படுகையில் உள்ள ஓர் அரசு மருத்துவமனை. காலை முதல் ஷிஃப்டுக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றி, செல்போனையும் சாவியையும் உடன் வந்தவர் கையில் கொடுத்துவிட்டு, ஒவ்வொருவராக எடை மெஷினில் ஏறினார்கள். பக்கத்தில் நோட்டுடன் நின்ற மூத்த செவிலியர் ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி எழுதினார்.

கொத்தனார் வேலை பார்த்துவந்த ஒருவரின் எடை 53.4 கிலோ. உடலில் கூடுதல் நீர் இல்லாதபோது அவர் இருக்க வேண்டிய எடை 50. இதைத்தான் அங்கே ‘ட்ரை வெயிட்’ என்கிறார்கள்.

“என்ன அண்ணே, கல்யாண வீடா?”

“ஆமா சிஸ்டர். ரசம் நல்லா இருந்துச்சு.”

சிறுநீர் பிரியாதவருக்கு ரசமும் மோரும் உடம்பிலேயே தங்கிவிடும். உப்பு சேர்ந்தால் தாகமும் கூடும். “மொத்தத்தையும் இன்னிக்கே எடுத்துடுங்க சிஸ்டர், இன்னொரு நாள் அலைய முடியாது” என்றார் அவர். பஸ் செலவு, துணைக்கு வரும் மனைவியின் ஒருநாள் கூலி என்று அவருக்கு அவருடைய கணக்கு. செவிலியருக்கு வேறு கணக்கு. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் நீர் இறக்குவது இதயத்துக்கு நல்லதல்ல என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. ஐம்பது கிலோ உடம்புக்கு மணிக்கு 650 மில்லி. நாலு மணி நேரத்தில் 2.6 லிட்டர். டாக்டரிடம் போனில் பேசி, நேரத்தை அரை மணி கூட்டினார். மிச்சம் அரை லிட்டர் அடுத்த முறைக்கு என்று முடிவாயிற்று. மெஷினில் 3.4 என்று தட்டினால் மெஷின் எடுக்கத்தான் பார்க்கும். எவ்வளவு எடுக்காமல் விடுவது என்பதில் இருக்கிறது அந்தத் தொழிலின் பாதித் திறமை. அன்று முழுவதும் நான் பார்த்தது அதைத்தான்.

அடுத்து ஊசி. மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்துவிட்டால், சில வாரங்களில் சிரை தடித்து, பெரிய ஊசியைத் தாங்கும் அளவுக்குப் பழகிவிடும். 1966இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் பணிபுரிந்த மருத்துவர்கள் வெளியிட்ட இந்த முறை, சிகிச்சை ஆண்டுக்கணக்கில் தொடரப் பெரிதும் உதவியது. இந்த இணைப்பு உள்ள கையை ‘ஃபிஸ்டுலா கை’ என்று நோயாளிகளே சொல்கிறார்கள். அந்தக் கையில் பிபி பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. இளம் செவிலியர் ஒருவர் தழும்பின் மேல் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பூனையின் வயிற்றில் கை வைத்தாற்போல உள்ளே அதிர்ந்தது. அதிர்வு நின்றால் அடைப்பு. ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே டாக்டரைக் கூப்பிட வேண்டும். முந்தைய முறை குத்திய இடத்தை விட்டு சற்றுத் தள்ளிக் குத்தினார். ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் நாளம் பலூனாக உப்பிவிடுமாம்.

ரத்தம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மில்லி வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்புகிறது. அதைக் கழுவுவதற்கான திரவம் நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் ஓடுகிறது. நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர்.

ஏசி குளிருக்கு எல்லோரும் போர்வை கேட்கிறார்கள். செவிலியர்கள் கொடுக்கிறார்கள், ஃபிஸ்டுலா கையை மட்டும் மூட விடுவதில்லை. யாராவது தூக்கத்தில் இழுத்து மூடினால் நடந்துபோகிறவர் நின்று விலக்கிவிட்டுப் போகிறார். இதை நான் முதலில் பெரிதாக நினைக்கவில்லை. காரணம் கேட்டபிறகு வேறெதிலும் கண் போகவில்லை. ரத்தத்தைத் திரும்பச் செலுத்தும் ஊசி நழுவிவிட்டால் மெஷின் கட்டாயம் அலாரம் அடிக்கும் என்று சொல்ல முடியாது. அது அளப்பது குழாய்க்குள் உள்ள அழுத்தத்தை. அந்த அழுத்தத்தில் பெரும்பங்கு ஊசியின் குறுகலால் வருவது; ஊசி வெளியே வந்தாலும் சற்றுத்தான் இறங்கும். மெஷின் சளைக்காமல் ஓட, ஐந்து நிமிடத்தில் ஒன்றரை லிட்டர் ரத்தம் போர்வைக்குள் போய்விடும். கண்ணுக்குத் தெரிகிற கை ஒன்றே அங்கே நம்பத்தக்க காவல்.

பத்து மணிவாக்கில் மூன்றாவது படுக்கையில் இருந்த பெரியம்மா கொட்டாவி விட்டார். பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த மூத்த செவிலியர் பேனாவை மூடாமலே எழுந்து போனார்.

“அம்மா, என்ன பண்ணுது?”

“ஒண்ணுமில்லம்மா, தூக்கம்தான் வருது.”

அரை மணி முன்பு 130/80 இருந்த பிபி இப்போது 86/50. தலைப்பக்கத்தை இறக்கி, காலைத் தூக்கி வைத்து, நீர் இறக்குவதை நிறுத்தி, 200 மில்லி சலைன் கொடுத்தார். கையும் வாயும் சேர்ந்தே வேலை செய்தன. பேச்சை விடாமல் பேத்தியைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தார், பதில் குழறுகிறதா என்று பார்க்க. மெஷின் ரத்தக்குழாயில் உள்ள நீரைத்தான் எடுக்கிறது. திசுக்களில் தேங்கியிருப்பது மெதுவாக ஊறி வந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். ஊறுவதைவிட இறைப்பது வேகமானால் பிபி சரியும். அதற்கு முன் கொட்டாவி வரும், முகம் வேர்க்கும், கெண்டைக்கால் இழுக்கும், வாயாடி ஒருவர் திடீரென்று பேச்சை நிறுத்துவார். ஐந்து நிமிடத்தில் 110க்கு வந்ததும், பெரியம்மாவின் பிபியை இனி பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அந்த ஷிஃப்டில் ஒரு செவிலியருக்கு ஐந்து படுக்கை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைகளுக்கும் டயாலிசிஸ் கட்டணமின்றிக் கிடைப்பது பெரிய காரியம். எத்தனையோ வீடுகளில் அதனால் உயிர் நிற்கிறது. மெஷின் வாங்கினால் போதும் என்று மட்டும் யாரும் எண்ணக் கூடாது; பக்கத்தில் நின்று கவனிக்க ஆளும் வேண்டும். தமிழ்நாட்டில் தொகுப்பூதியத்தில் பணிபுரியும் செவிலியர்கள் நிரந்தரம் கேட்டுப் பலமுறை தெருவுக்கு வந்திருக்கிறார்கள். ஒரு கொட்டாவியை அறையின் மறுகோடியிலிருந்து அடையாளம் காணப் பல ஆண்டுகள் பிடிக்கும். அப்படிப்பட்டவர்களை அடுத்த மாதச் சம்பளம் பற்றிய கவலையோடு அங்கே நிற்க வைப்பது நியாயமில்லை, பாதுகாப்பும் இல்லை.

பதினொன்றரைக்குக் கொத்தனாரின் ஊசிகள் வெளியே வந்தன. ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் போயிருப்பதால் பஞ்சை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தார்கள். எடை 50.5. பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க அவர் எழுந்தார். நிற்கவைத்துப் பிபி பார்த்தார் செவிலியர். படுத்திருந்தபோது 132 இருந்தது நின்றதும் 98.

“உட்காருங்க அண்ணே.”

“பஸ் போயிடும் சிஸ்டர்.”

“போகட்டும். அடுத்தது பன்னிரண்டே முக்காலுக்கு இருக்கு.”

பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி நிற்கவைத்துப் பார்த்தார். 118. அதற்குப் பிறகுதான் நோட்டில் கையெழுத்திட்டு அவரை அனுப்பினார்.