ஐந்து வோல்ற்று

இலங்கையின் நீர்மின்வலி வரலாற்றிலே களனி கங்கையின் மேற்பகுதிக்குத் தனியிடம் உண்டு. 1950 இல் இலக்சபானாவில் பிறந்த மின்சாரம் மலைகளைக் கடந்து கொழும்புக்குச் சென்றது. அதே ஆறு இறங்கிவரும் யட்டியாந்தோட்டைப் பகுதியின் இறப்பர்த் தோட்டங்களில், பல லயங்களிலே அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் குப்பி விளக்கே எரிந்தது. கேகாலை மாவட்டத்தின் அத்தகைய தோட்டமொன்றில் என் தந்தையார் ஆசிரியராயிருந்தார். ஸ்ரோரிலிருந்து இழுத்த கம்பியொன்று எங்கள் விடுதிவரை வந்தமையால் எமக்கு மின்சாரம் இருந்தது. லயத்துப் பிள்ளைகளுக்கு இருக்கவில்லை. எமக்குக் கிடைத்ததும் ஒரு நிலையில் நின்றதில்லை. ஸ்ரோரில் உருளைகள் புறப்பட்டால் வீட்டுக் குமிழ் மஞ்சளித்துவிடும்.

1985 இல் இலண்டனிலிருந்து வந்த உறவினர் ஒருவர் சின்கிளேயர் ஸ்பெக்ரம் என்னும் சிறு கணனியைத் தந்தார். 1982 இல் பிரித்தானியாவில் வெளியான அக்கருவியின் விசைகள் இறப்பரால் ஆனவை. இறப்பர்த் தோட்டத்துக்கு இறப்பரையே கொண்டுவந்திருக்கிறீர்களே என்று கணக்கப்பிள்ளை நகைத்தது நினைவிருக்கிறது.

பயன்படுத்துவோர் தாமே வரையத்தக்க உருக்கள் ஸ்பெக்ரத்தில் இருபத்தொன்று உண்டு. ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டம். 247 எழுத்துக்களை இருபத்தொரு கட்டத்துள் அடக்குவது எப்படி? தந்தையார் சதுரக்கோட்டுக் கொப்பியில் இரவிரவாக வரைந்தார். அரவுக்கு ஒன்று, கொம்புக்கு ஒன்று என ஒதுக்கினார். 'ட' தானாகவே வந்தது. 'ண' அவரைப் பல நாள் அலைக்கழித்தது. லயத்துப் பிள்ளைகள் ஐவர் அறுவராக வந்து 'பட்டம்' என்ற சொல்லைத் திரையிலே படித்தனர். உருளைகள் புறப்பட்டால் எழுத்தெல்லாம் அழிந்துவிடும். நாடாவிலிருந்து மீண்டும் ஏற்றவேண்டும்.

1987 இல் கணனி அடியோடு நின்றது. நகரத்துத் திருத்துநர் ஒருவர், "பலகை முழுக்க எரிஞ்சு போச்சு மாஸ்ரர். தோட்டத்துக் கரண்டுக்கு இதெல்லாம் சரிவராது" என்று கூறித் திருப்பிக் கொடுத்தார். அச்சொல்லின் இரண்டாம் பகுதியே தந்தையாரை வருத்தியது. கணனியை ரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நாடாக்களையும் அதனுள்ளேயே வைத்தார்.

சென்ற ஆண்டு நான் அப்பெட்டியைத் திறந்தேன். ஸ்பெக்ரத்துக்கு வெளியிலிருந்து வருவது சீராக்கப்படாத 9 வோல்ற்று. உள்ளேயுள்ள சில்லுகளுக்கு வேண்டியது 5. இடையே 7805 எனப்படும் மூன்று கால் கொண்ட சீராக்கி நின்று, மிகுதி நான்கையும் வெப்பமாக்கி வெளியேற்றுகிறது. ஓட்டம் ஏறத்தாழ 0.7 அம்பியராயின் வெப்பம் மூன்று உவாற்றுக்குச் சற்றே குறைவு. ஒடுங்கிய பெட்டிக்குள் அது சிறிதன்று. சீராக்கி தன் கடமையைச் செய்வதற்கு ஏழு வோல்ற்றேனும் உள்ளே வரவேண்டும்; அதற்குக் கீழே இறங்கினால் ஐந்தும் குலையும். உருளை புறப்பட்ட வேளைகளில் எழுத்து அழிந்த காரணம் அதுவே. ஆனால் தாழ்ந்த மின்னழுத்தம் நினைவை அழிக்குமேயன்றிப் பலகையை எரிக்காது. சொல்லப்போனால் அப்பொழுது சீராக்கி சூடாவதும் குறைவு.

எனினும் ஓர் அச்சம் இருந்தது. சீராக்கி பழுதுபடும் வழிகள் இரண்டு. ஒன்றில் வெளியீடு அற்றுப்போகும். மற்றதில் உள்வருவது முழுவதும் அப்படியே உள்ளே பாய்ந்து சில்லுகளைக் கொன்றுவிடும். பல்மானியை வைத்தேன். உட்புறம் 11 வோல்ற்று; வெளிப்புறம் ஒரு வோல்ற்றும் இல்லை. முதல்வகைப் பழுது. பற்றாசை உருக்கி அதனைக் கழற்றியபின் ஐந்து வோல்ற்றுத் தடத்தைச் சோதித்தேன்; குறுஞ்சுற்றும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எரிந்துபோனதாகக் கருதப்பட்ட பலகையை ஒருவரும் அளந்து பார்த்திருக்கவில்லை.

வெப்பம் குறைந்த ஆளிவகைச் சீராக்கிகள் இன்று கிடைக்கின்றன. நமது காலநிலைக்கு அவையே நல்லவை என்பேன். ஆயினும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கைக்குக் கிடைத்தது 7805 தான்; அதனையே அலுமினியத் தகட்டில் பசைபூசி இறுக்கினேன். அருகிலுள்ள கொள்ளளவிகளையும் மாற்றினேன். இக்கணனியின் செருகியில் நடுமுனையே மறை. வேறு கருவியின் வழங்கியைச் செருகுவோர் இதனைக் கவனித்தல் நன்று. ஐந்து வந்தது. ஆனால் அதன் பழைய நினைவகச் சில்லுகளுக்கு 12 வோல்ற்றும் மறை 5 வோல்ற்றும் வேண்டும். மறை ஐந்து இல்லாவிடில் அவை விரைவில் மாளும். அவ்விரண்டும் இருந்தன. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் திரையடியில் 1982 என்ற ஆண்டும் நிறுவனத்தின் பெயரும் தோன்றின.

தந்தையார் இப்பொழுது எண்பதைக் கடந்தவர், பார்வை மங்கிவிட்டது. அவரருகே வைத்து முதல் நாடாவை ஓடவிட்டேன். கீச்சிடும் அவ்வொலியைக் கேட்டதும், "ஏறுது தம்பி, தொடாதே" என்றார். நான்காம் முயற்சியில் ஏறியது. 'பட்டம்' என்ற சொல் திரையின் பாதியளவுக்குப் பெருத்து நின்றது. முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி நெடுநேரம் பார்த்துவிட்டு, 'ண' வை எங்கே என்று கேட்டார்.

அது மற்ற நாடாவில் இருக்கவேண்டும். 'இரண்டாம் பாடம்' என்று அதன் மேல் அவரது கையெழுத்தில் உள்ளது. பூஞ்சணம் படிந்த அந்நாடாவைச் சிறிது சிறிதாக அவிழ்த்துத் துடைத்து வருகிறேன்.