ஏரி உடைந்ததாமே!

சாப்பாட்டில் பத்தியம் இருப்பதுபோல் சமாசாரத்திலும் பத்தியம் வேண்டும் என்பது என் வெகு நாளைய அபிப்பிராயம். இதைச் சொன்னால், "சாப்பாட்டிலேயே உங்களுக்குப் பத்தியம் கிடையாதே!" என்கிறாள் என் மனைவி. அது வேறு விஷயம். வயிற்றுக்காவது வேளை என்று ஒன்று உண்டு. காதுக்கு அதுவும் இல்லை. விடிந்தால் தினசரி, பகலெல்லாம் கைபேசி, பொழுது சாய்ந்தால் டெலிவிஷன்.

எந்தச் சமாசாரம் வந்தாலும், "நிஜமா, பொய்யா?" என்று கேட்கிறோம். நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால், "இதற்கு வயது என்ன?" என்று கேட்டுக்கொள்வது உத்தமம். பிறந்து ஐந்து நிமிஷமான செய்தியும், ஒரு ராத்திரி பத்திரிகாலயத்தில் ஊறி வந்த செய்தியும், மூன்று வருஷம் விசாரித்து எழுதிய செய்தியும் ஒரே ஜாதியல்ல.

2015-ம் வருஷம் டிசம்பர் முதல் தேதியைச் சென்னைவாசிகளுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன். நவம்பர் முழுவதும் பெய்த மழையில் ஏரி குளமெல்லாம் ததும்பிக்கொண்டிருந்தன. அன்றைக்கும் வானம் ஓயாமல் கொட்டிற்று. என் அத்தையும் மாமாவும் அப்போது சைதாப்பேட்டையில், அடையாற்றுக்கு மூன்று தெரு தள்ளிக் குடியிருந்தார்கள். அத்தையின் கைபேசியில் பகலிலிருந்தே, "செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது, ஓடுங்கள்!" என்று செய்தி வந்தவண்ணம் இருந்தது. ஏரி உடையவேயில்லை. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் நுழைந்துவிட்டதாகவும் அந்த நாட்களில் ஒரு வதந்தி உலாவிற்று. முதலைகளும் தங்கள் இடத்திலேயேதான் இருந்தன.

மாமா அச்சில் வந்ததைத் தவிர வேறெதையும் நம்பாதவர். "ஏரி உடைந்தால் காலையில் பேப்பரில் வரும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல நான் தயாராயில்லை. ஒரே பகலில் நாலு தடவை உடைந்த ஏரியை ஐந்தாம் தடவை யார் நம்புவார்கள்?

ஏரி உடையாவிட்டாலும் அதன் மதகுகள் திறந்திருந்தன. அன்றிரவு வினாடிக்கு 29,000 கன அடி வரையில் தண்ணீர் வெளியேறியது. கன அடி என்றால் அத்தைக்குப் புரியாது. எனக்கும் வெகு நாள் வரையில் புரியாது. வினாடிக்குச் சுமார் எட்டு லட்சம் லிட்டர் என்று சொன்னால் யாருக்கும் புரியும். போதாக்குறைக்கு வழியிலுள்ள மற்ற ஏரிகளின் உபரி நீரும் ஆற்றில் கலந்தது. உடைந்ததாகக் கத்திய செய்தி பொய். உடையவில்லை என்ற ஆறுதலோ அதைவிட ஆபத்தாக முடிந்தது.

கதவைத் தட்டினவர் பால்காரர். ஆற்றை நேரில் பார்த்துவிட்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்திருந்தார். "ஐயா, பேச நேரமில்லை, மாடிக்குப் போங்கள்" என்றார். மாடி வீட்டுக்காரர்கள் இடம் கொடுத்தார்கள். கீழே மாமா நாற்பது வருஷமாகக் கத்தரித்து ஒட்டிவைத்திருந்த பத்திரிகைத் துண்டுகள் அத்தனையும் கூழாயின.

காலையில் பேப்பர் வரவில்லை. பேப்பர் போடும் பையன் நீந்தியா வருவான்? அவன் துணிந்திருந்தாலும் கொண்டுவர எல்லாப் பத்திரிகைகளும் இல்லை. 1878-ல் தோன்றிய 'தி ஹிந்து' தன் சரித்திரத்தில் முதன்முறையாக அன்றைய தினம் சென்னையில் அச்சேறவில்லை. ஊழியர்கள் அச்சுக்கூடத்துக்குப் போய்ச் சேரவே பாதையில்லை.

அன்றிரவு என்ன நடந்தது என்ற விசாரணைக்கு வெகு காலம் பிடித்தது. தணிக்கைத் துறையின் அறிக்கை 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்டது. ஏரித் தண்ணீரைத் திறந்துவிட்ட முறையை அது கண்டித்தது. வரலாறு காணாத மழையே காரணம் என்பது அரசாங்கத்தின் கட்சி. இரண்டையும் வாசித்த பிறகுதான் எனக்கு விஷயம் ஒருவாறு பிடிபட்டது. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளத்திலிருந்து யாரும் தப்பியிருக்க முடியாது என்பதும் வாஸ்தவம்தான். பால்காரர் செய்தி உயிரைக் காப்பாற்றும். அடுத்த வெள்ளத்துக்கு யாரைக் கேள்வி கேட்பது என்பதை அவர் சொல்ல முடியாது.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு தினசரிகள் வருகின்றன. ஒன்றுக்கொன்று அரசியலில் ஆகாதவை. இரண்டும் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டால் எனக்குப் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். மழைக்கு வானிலை மையத்தின் அறிக்கையைக் கேட்கிறோம். அந்த 2015 மழையில் பிரசித்தியடைந்த 'தமிழ்நாடு வெதர்மேன்' எழுதுவதையும் பார்க்கிறோம். டெலிவிஷன் வாக்குவாதங்களை நிறுத்தியாகிவிட்டது. அவற்றில் தாளிக்கிற சத்தம்தான் பெரிது. இலையில் ஒன்றும் விழக் காணோம். வாட்ஸப்பை மட்டும் நிறுத்த முடியவில்லை, கல்யாணப் பத்திரிகையே அதில்தான் வருகிறது! ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் ஒரு செய்தியைத் தள்ளிவிட முடியாதபடி 2018-ல் இந்தியாவில் அவர்களே ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். ஐந்து வீட்டைக் கலவரப்படுத்த அது தாராளமாய்ப் போதும்.

மாமா மறுபடியும் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். அத்தைக்கோ தலைப்புச் செய்தியில் சிரத்தையில்லை. மழைக்காலம் வந்தால் குடிநீர் வாரியம் தினந்தோறும் வெளியிடும் ஏரிக் கணக்கைத்தான் முதலில் பார்க்கிறாள். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி. 22-ஐத் தாண்டிவிட்டதென்றால், மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அரிசி டின்னை மாடிக்கு ஏற்றச் சொல்லிவிடுகிறாள்.