கேளாமையும் ஒரு காப்பு

கடலோரத்திற் பிறந்து வளர்ந்தவரின் செவியில் அலையோசை உறைப்பதில்லை. புதிதாய் வந்தவனையே அது உறங்கவிடாது. செவியிற் பழுதொன்றும் இல்லை. ஓயாது வருவதொன்று செய்தியாக இராது என்பதே காரணம். மூளையின் கலங்களுக்கும் இத்தகையதோர் இயல்பு உண்டு.

நரம்புக்கலங்கள் தம்முள் செய்தி பரிமாறும் இரசாயனங்களுள் டோபமீனும் ஒன்று. 1950களின் பிற்பகுதியில், சுவீடனைச் சேர்ந்த ஆவிட் காள்சன், மூளையில் அதற்குத் தனிப்பணி உண்டெனக் காட்டினார். 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. கலத்தின் மென்சவ்வில் அமைந்துள்ள வாங்கிகள் எனும் புரதங்களே டோபமீனின் செய்தியை ஏற்கின்றன. அவை ஐவகைப்படும்.

டோபமீன் பற்றியதும் வாங்கி உருமாறிக் கலத்தினுள் ஜி புரதத்தைத் தூண்டும். தூண்டல் நீடிக்குமாயின், சில நொதியங்கள் வாங்கியின் உட்புறத்தே பொசுபேற்றுக் கூட்டங்களைச் சேர்க்கும். அவ்விடத்தில் அரெஸ்ரின் எனும் புரதம் வந்து பொருந்தி ஜி புரதத்தின் வழியை அடைக்கும். அதன்பின் வாங்கி கலத்தினுள்ளே இழுத்துக்கொள்ளப்படும். உட்சென்றவற்றுட் சில மீண்டும் மேற்பரப்பை அடையும், சில சிதைக்கப்படும். இவ்வாறு கலம் தன் கதவுகளைச் சாத்திக்கொள்வது நோயன்று. மிகையிலிருந்து தன்னைக் காக்கும் முறையேயாம்.

ஆயின், இக்காப்பே துன்பமாவதும் உண்டு. கொக்கெயின், வெளிப்பட்ட டோபமீன் மீள உறிஞ்சப்படுவதைத் தடுத்து, அதனைத் தேக்கிவைக்கின்றது. அமெரிக்காவில் நோரா வொல்கோவும் அவரது குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், கொக்கெயினுக்கு அடிமையானோர் மூளையில் டீ2 வாங்கிகள் குறைந்து காணப்பட்டன. பழக்கத்தை நிறுத்திச் சில மாதங்கள் சென்ற பின்னும் அக்குறை நீங்கவில்லை. அன்னை இட்ட சோறும் நண்பனின் சிரிப்பும் ஒருவனுக்குச் சுவையற்றுப் போகுமிடத்து, அவனை நன்றியற்றவன் என்று உலகம் ஏசுகின்றது. அவனுள்ளே கதவுகள் சாத்தப்பட்டிருத்தலை அது அறிவதில்லை.

அக்குறை முழுவதும் போதைப்பொருளின் விளைவே என்று கூறவும் இயலாது. 2002இல் வட கரொலைனாவின் வேக் ஃபொறஸ்ற் பல்கலைக்கழகத்தார் குரங்குகளைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வொன்று வெளிவந்தது. தனித்து வைக்கப்பட்டிருந்த குரங்குகளைக் கூட்டமாக வாழவிட்டபோது, கூட்டத்தில் மேல்நிலை எய்தியவற்றின் மூளையில் டீ2 அளவு உயர்ந்தது, கீழ்ப்படுத்தப்பட்டவற்றில் உயரவில்லை. கொக்கெயினை நாடி எடுத்துக்கொண்டவையும் பெரும்பாலும் கீழ்ப்படுத்தப்பட்டவையே.

குரங்கிடம் கண்டதனை அப்படியே மனிதனுக்கு உரைத்தல் தகாது. எனினும் ஒன்று சிந்தனைக்குரியது. கலத்தின் கதவுகள் போதைப்பொருளுக்கு மட்டுமன்றி, உயிரொன்று தன் கூட்டத்தில் பெறும் இடத்துக்கும் இசைந்து திறப்பனவாயின், போதையில் வீழ்ந்தவனுக்கு 'மனவுறுதி கொள்' என்னும் அறிவுரை மட்டும் போதாது. தளர்ந்த கலத்துக்குக் காலம் வேண்டும். தளர்ந்த மனிதனுக்குக் காலத்தோடு, தாழ்த்தப்படாத ஓர் இடமும் வேண்டும். முன்னதை இயற்கை அளிக்கலாம். பின்னதை அளிக்க வேண்டியவர் அயலில் வாழ்வோரே.